டொக் என்பதற்கும் கடகட என்பதற்கும் நடுவே

"ஓட்டிப் பார்க்கப்பட்டது. சத்தம் இல்லை." கார் சர்வீஸ் நிலையத்து ஜாப் கார்டுகளில் அடிக்கடி எழுதப்படும் இந்த நான்கு சொற்களை எதிர்த்து ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணி வந்திருக்கிறேன். பார்வைக்கு இது ஓர் உண்மைக் கூற்று. ஓட்டினார்கள், சத்தம் வரவில்லை, எழுதினார்கள். ஆனால் இது எவ்வாறு வாசிக்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். "நாங்கள் ஓட்டிய சாலையில், நாங்கள் ஓட்டிய பத்து நிமிடத்தில் எங்கள் காதுக்குச் சத்தம் எட்டவில்லை" என்பது "உங்கள் காரில் குறை இல்லை" என்று உருமாறிவிடுகிறது. முன்னது கேட்டவரைப் பற்றிய செய்தி, பின்னது காரைப் பற்றிய தீர்ப்பு. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் காரின் உரிமையாளர், பொய் சொல்பவராகவோ பிரமை பிடித்தவராகவோ ஆக்கப்பட்டு வீடு திரும்புகிறார்.

இலக்கியம் பேசும் இடத்தில் காரின் அடிவயிற்றைப் பற்றிப் பேசுவதா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஒருவர் உணர்ந்ததை, அதை உணராத இன்னொருவருக்குச் சொல்லால் கடத்துவது எப்படி என்பதுதான் இங்கும் கேள்வி. அந்த வகையில் இது நம்முடைய பிரச்சினையும்கூட.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். 'எப்போதாவது வரும் சத்தம்' என்று ஒன்று கிடையாது. இயந்திரத்துக்கு மனநிலை இல்லை. திங்கட்கிழமை பேசவும் செவ்வாய்க்கிழமை மௌனம் காக்கவும் அது முடிவெடுப்பதில்லை. குறிப்பிட்ட நிபந்தனைகள் கூடினால் சத்தம் வரும், கூடாவிட்டால் வராது. அந்த நிபந்தனைகள் இன்னவை என்று நமக்குத் தெரியாத நிலைக்கு நாம் இட்டிருக்கும் பெயர்தான் 'எப்போதாவது'. ஆகவே இத்தகைய சத்தத்தை ஆராய்வது என்பது, எந்த உதிரிப்பாகம் கெட்டது என்று ஊகிப்பதில் தொடங்கக் கூடாது. எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்ற பட்டியலில் தொடங்க வேண்டும். அந்தப் பட்டியலைத் தரக்கூடியவர் அன்றாடம் அந்தக் காரை ஓட்டுபவர் ஒருவரே. அவருடைய வாய்மொழியைத் தள்ளிவிட்டு நடக்கும் ஆய்வு, நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டு நடத்தும் வைத்தியம்.

*

சொல்லால் கடத்துவது என்றேன். இதில் தமிழ் பேசுபவர்கள் கொடுத்து வைத்தவர்கள். தொல்காப்பியர் காலத்திலேயே இரட்டைக்கிளவிக்கு இலக்கணம் வகுத்த மொழி இது. இரட்டித்தே நிற்கும், பிரித்தால் பொருள் தராது என்பது அதன் அடிப்படை. அடுக்குத்தொடர் அப்படியல்ல. ஒவ்வொரு சொல்லும் தனித்து நின்றும் பொருள் தரும். பள்ளிக்கூடத்தில் ஒரு மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்துவிட்ட இந்த வேறுபாடு, காரின் அடியில் ஆச்சரியமான வகையில் பயன்படுகிறது.

'டொக்' என்பது ஒரு மோதல். எங்கோ இரண்டு உலோகங்களுக்கிடையில் இருக்கக் கூடாத இடைவெளி உண்டாகி, விசை திசை மாறும்போது ஒன்று மற்றொன்றின் மீது போய் இடிக்கிறது. 'டொக், டொக்' என்றால் இரண்டு தனித்தனி மோதல்கள். இரண்டு பள்ளங்கள், இரண்டு இடிகள். இதைப் பிரிக்கலாம். 'கடகட' என்பது பிரிக்க முடியாதது. அங்கே எதுவோ முழுவதுமாகத் தளர்ந்து, சாலையின் ஒவ்வொரு நெளிவுக்கும் ஆடிக்கொண்டே இருக்கிறது. பிரேக் பேடோ, வெப்பத்தடுப்புத் தகடோ, டிக்கியில் சரியாகப் பொருத்தப்படாத ஜாக்கியோ அதற்குக் காரணமாக இருக்கலாம். 'கிறீச்' என்பது முற்றிலும் வேறு குடும்பம். அதில் மோதல் இல்லை, உரசல் மட்டுமே. ரப்பர் உலோகத்தோடு சற்று ஒட்டி, வழுக்கி, மீண்டும் ஒட்டி, மீண்டும் வழுக்குகிறது. வயலின் தந்தியின் மீது வில் செல்லும்போது நடப்பதும் இதே இயற்பியல்தான். அங்கே அதற்குப் பெயர் நாதம், இங்கே புகார்.

ஆக, 'சத்தம் வருது' என்று சொல்பவர் ஒன்றும் சொல்லவில்லை. 'மெதுவாகப் போகையில், இடது சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது ஒரே ஒரு டொக்' என்று சொல்பவர் பாதி வேலையை முடித்துவிட்டார். மொழியில் துல்லியம் கோருவது புலவர்களின் செல்ல வழக்கம் அன்று. ஜாப் கார்டிலும் அது பணத்தை மிச்சப்படுத்தும்.

*

மீதிப் பாதிக்கு, காரின் கீழே என்ன இருக்கிறது என்பதைச் சற்றே அறிந்திருக்க வேண்டும். இன்று நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான சிறிய, நடுத்தரக் கார்களின் முன்பக்கத்தில் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்னும் அமைப்பு. எர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் வடிவமைத்தது. 1950ஆம் ஆண்டு லண்டன் கண்காட்சியில் அறிமுகமான ஃபோர்டு கான்சல் அதைத் தாங்கி வந்தது. இந்தியாவில் 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 அதைப் பரவலாக்கியது. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கும். தூணின் மேல்நுனி ரப்பரும் பேரிங்கும் கொண்ட ஒரு மவுண்ட்டின் வழியே காரின் உடலில் பொருந்தும். கீழே லோயர் ஆர்ம், இரண்டு ரப்பர் புஷ்களாலும் ஒரு பால் ஜாயின்டாலும் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். திருப்பங்களில் கார் சாய்வதைக் குறைப்பதற்காக ஸ்டெபிலைசர் கம்பி ஒன்று இடமும் வலமும் இணைத்து ஓடும். அதன் இரு நுனிகளையும் ஸ்ட்ரட்டோடு இணைப்பவை லிங்க் ராடுகள்.

அம்பாசடரை ஓட்டியவர்களுக்கு வேறொரு உலகம் நினைவிருக்கும். 2014இல் உற்பத்தி நின்றுபோன அந்தக் காரின் முன்பக்கத்தில் டார்ஷன் பார், பின்பக்கத்தில் பட்டை ஸ்பிரிங். ஆங்காங்கே கிரீஸ் அடிப்பதற்கென்றே முலைகள் இருக்கும். சத்தம் வந்தால் கிரீஸ், கிரீஸுக்கும் கேட்காவிட்டால் பட்டறை. இன்றைய கார்களில் மூட்டுகள் ஆயுளுக்கும் மூடி முத்திரையிடப்பட்டவை. எண்ணெய் விடும் பேச்சே இல்லை. தேய்ந்தால் மாற்றுவதுதான். இதனால் பராமரிப்பு குறைந்தது உண்மை. கூடவே கைவைத்து அறியும் பழக்கமும் குறைந்தது.

இனி நிபந்தனைகளுக்கு வருவோம். இரண்டு முன்சக்கரங்களும் ஒரே நேரத்தில் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினால் ஸ்டெபிலைசர் கம்பி முறுகுவதில்லை. தன் புஷ்களுக்குள் சும்மா சுழன்று கொடுக்கும். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தால் கம்பி முறுகும், லிங்க் ராடுகளில் விசை ஏறும். எனவே வேகத்தடையில் மௌனமாக இருந்து, ஒற்றைப் பள்ளத்தில் 'டொக்' என்றால் சந்தேகம் முதலில் லிங்க் ராடின் மீதும் ஸ்டெபிலைசர் புஷ்ஷின் மீதும் விழ வேண்டும். பிரேக் பிடிக்கும்போதும் பின்னோக்கி எடுத்து முன்னோக்கிக் கிளம்பும்போதும் ஒரு டொக் என்றால் லோயர் ஆர்மின் புஷ்ஷைப் பாருங்கள். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுகி விடுபடுவது போல ஓர் அதிர்வு வந்தால் ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட்டைப் பாருங்கள். கரடுமுரடான சாலையில் கடகடவென்று வருவது, பிரேக் பெடலை மெல்லத் தொட்டவுடன் நின்றுவிட்டால் அது சஸ்பென்ஷனே இல்லை. பிரேக் பேடுகள் ஆடுகின்றன. மழை பெய்யும்போது மறைந்து, காய்ந்தபின் திரும்பும் கிறீச் ரப்பர் உரசலாகவே இருக்கும், நீர் அங்கே எண்ணெயின் வேலையைச் செய்கிறது. காரைக் கிளப்பியதும் ஒரே ஒரு முறை கேட்டு, அடுத்த முறை கிளப்பும் வரை வராத சத்தம் பல கார்களில் ஏபிஎஸ் தன்னைத்தானே சோதித்துக்கொள்வது. அது நோயே அல்ல.

இவற்றில் எதற்கும் கருவி வேண்டியதில்லை. ஒரு சிறு நோட்டுப் புத்தகமும் இரண்டு வார காலப் பொறுமையும் போதும்.

*

என் காருக்கு மூன்று வயது நிறைவதற்குள் முன்பக்கத்தில் ஒரு சத்தம் தொடங்கியது. இரண்டு முறை சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டு போனேன். இரண்டு முறையும் மேலே சொன்ன நான்கு சொற்கள். மூன்றாம் முறை பேச்சு மாறியது. "சார், ரெண்டு ஷாக் அப்சார்பரையும் மாத்திப் பாத்துடலாம். ஆனா அது தேயற பார்ட், வாரண்டியில வராது" என்றார் அட்வைசர். சத்தம் இல்லை என்றவர்களே இப்போது இல்லாத சத்தத்துக்கு மருந்தும் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. இரண்டு வாரம் குறித்து வைத்தேன். வந்த இடங்கள் எல்லாம் குறுகிய தெருக்கள், வேகம் இருபதுக்குக் கீழே, ஒரு சக்கரம் மட்டும் இறங்கும் பள்ளங்கள். வராத இடங்கள் புறவழிச்சாலை, வேகத்தடைகள். அவர்கள் ஓட்டிப் பார்த்ததோ நிலையத்தின் வாசலில் தொடங்கும் அகன்ற புதுச் சாலையில். அங்கே அது எப்படிக் கேட்கும்?

நான்காம் முறை, காரைத் தொட்டு வேலை செய்யும் இளைஞரையே அருகில் உட்கார்த்திக்கொண்டு பின்தெருவுக்குப் போனேன். குழாய் பதித்து மூடிய பள்ளங்கள் வரிசையாக இருந்த தெரு. இருநூறு மீட்டருக்குள் அவர் கையை உயர்த்தினார். "போதும் சார், லிங்க்தான்." திரும்பி வந்து, சக்கரங்கள் தரையில் இருக்கும்படியே காரை ஒருவர் ஆட்ட, இவர் லிங்க் ராடின் மூட்டில் விரலை வைத்துப் பார்த்தார். இடது பக்கத்து மூட்டில் ஆட்டம் தெரிந்தது. மாற்றியதற்கு ஆன செலவு, ஷாக் அப்சார்பர்களுக்குச் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அந்த இளைஞருக்குத் திறமை அன்று புதிதாக வந்துவிடவில்லை. முந்தைய மூன்று முறையும் அவருக்கும் எனக்கும் நடுவே ஒரு மேசை இருந்தது. நான் சொன்னது அட்வைசரின் கையெழுத்தில் 'ஃப்ரண்ட் நாய்ஸ்' என்று சுருங்கி அவரிடம் போய்ச் சேர்ந்தது. எங்கே, எப்போது, எப்படி என்ற மூன்றும் வழியில் உதிர்ந்துவிட்டன.

*

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்குப் பல கார்கள் வந்து நிற்கும் இடத்தில் ஒவ்வொன்றோடும் தெருத்தெருவாகச் சுற்ற முடியாது. உரிமையாளர்கள் கொண்டுவரும் சத்தங்களில் பல, கதவுப் பையில் கிடக்கும் தண்ணீர்ப் பாட்டிலாகவும் தளர்ந்த ஸ்டெப்னியாகவும் முடிவதும் உண்மை. புதிய கார்களின் உள்ளே அமைதி கூடக்கூட, முன்பு என்ஜின் இரைச்சலில் மூழ்கிக் கிடந்த சிறு ஒலிகள் எல்லாம் மேலே வந்துவிட்டன. மின்சாரக் கார்களில் இது இன்னும் அதிகம். கேட்கும் ஒலியெல்லாம் குறை ஆகாது என்பதும் சரி.

ஆனால் இந்த நியாயங்கள் அனைத்தும் கவனமாகக் கேட்பதற்கான காரணங்களே ஒழிய, கேட்காமல் இருப்பதற்கான காரணங்கள் அல்ல. தண்ணீர்ப் பாட்டில்தான் காரணம் என்றால் அதையும் யாரோ ஒருவர் கண்டுபிடித்துத்தான் சொல்ல வேண்டும். மேலும் எல்லாச் சத்தங்களும் செல்லச் சிணுங்கல்கள் அல்ல. லிங்க் ராடு ஆடினால் எரிச்சல்தான் மிச்சம். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரமே மடங்கிவிடும். ஸ்பிரிங்கின் கடைசிச் சுருள் உடைந்து, தன் இருக்கைக்குள்ளேயே மறைந்து கிடப்பதும் உண்டு. வெளியிலிருந்து கேட்பவருக்கு மூன்றும் 'டொக்'தான். எது எது என்று பிரித்தறிவதற்கு முன்பே 'இல்லை' என்று எழுதுவதில் உயிர் ஆபத்து இருக்கிறது. ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தாலோ, பிரேக் பிடிக்கையில் கார் அலைந்தாலோ நோட்டுப் புத்தகம் வேண்டாம். உடனே நிறுத்திவிட வேண்டும்.

கணினி இருக்கிறதே என்பார்கள். காரில் ஸ்கேனரைப் பொருத்தி, கோளாறுக் குறியீடு எதுவும் இல்லை என்று காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்த ஏற்பாட்டைச் சட்டம் கட்டாயமாக்கியது புகை மாசைக் கண்காணிப்பதற்காக. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் அது வந்தது. சாதாரண எஃகு ஸ்பிரிங் கொண்ட காரில் புஷ் கிழிந்ததையோ மூட்டு தேய்ந்ததையோ அறியும் உணரி எதுவும் கிடையாது. திரை சுத்தமாக இருக்கிறது என்பதற்கு, அந்தக் கேள்வி கணினியிடம் கேட்கப்படவே இல்லை என்று மட்டுமே பொருள். லிஃப்டில் ஏற்றிப் பார்த்தோம் என்பதும் அரைச் சோதனையே. தூக்கிய காரில் சக்கரங்கள் இரண்டும் சமமாகத் தொங்குகின்றன, காரின் எடை அவற்றின் மீது இல்லை. கையால் அசைக்கும் விசை எங்கே, பள்ளம் தரும் விசை எங்கே! போதாக்குறைக்கு, தொங்கும் நிலையிலேயே லோயர் ஆர்மின் போல்ட்டை இறுக்கிவிட்டால் ரப்பர் புஷ் முறுகிய நிலையில் சிறைப்பட்டுவிடும். கார் தரையில் இறங்கியதும் அது ஓயாமல் முறுகிக்கொண்டே இருந்து விரைவில் கிழியும். பழைய சத்தத்தைத் தேடிப்போய்ப் புதிய சத்தத்தோடு திரும்பி வருவதன் ரகசியங்களில் இதுவும் ஒன்று.

1816இல் பாரிஸ் மருத்துவர் லெனெக், காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதிலிருந்து ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. நம் ஊர் மெக்கானிக்குகள் நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியை என்ஜினில் வைத்து, பிடியைக் காதில் ஊன்றிக் கேட்பது அதே மரபுதான். ஆனால் மருத்துவர் "மூச்சை இழுங்கள்" என்று சொல்லலாம். நிற்கும் காரிடம் "பள்ளத்தில் விழு" என்று சொல்ல முடியாது. அதற்கும் வழி உண்டு. சிறு ஒலிவாங்கிகளைக் கவ்விகளால் லோயர் ஆர்ம், லிங்க், ஸ்ட்ரட் என்று ஆங்காங்கே பொருத்தி, ஓட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்கும் கருவிகள் விற்கின்றன. இது முக்கியம். காரின் உடல் முழுவதும் ஒரே உலோகக் கூடாக இருப்பதால் ஒலி வெகுதூரம் பயணம் செய்யும், இடது காலடியில் கேட்பது வலது பக்கத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். ஆனாலும் ஒலிவாங்கிகளை மாட்டி, உரிய சாலையில் ஓட்ட ஒரு மணி நேரம் வேண்டும். அந்த ஒரு மணிக்கு யார் கூலி கொடுப்பது?

பிரச்சினையின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். பாகத்தை மாற்றினால் பில்லில் வரி ஏறும். யோசித்தால் ஏறாது. கண்டுபிடிப்பதற்குக் கூலி கொடுக்க நாமும் தயங்குகிறோம். 'சும்மா பார்த்ததற்குக் காசா' என்று கேட்பவர்கள் நாமேதான். பார்த்ததற்குக் காசு கொடுக்காத சமூகத்தில் பார்க்காமலே மாற்றும் தொழில்தான் செழிக்கும். ஊகத்தில் இரண்டு ஷாக் அப்சார்பர்களை வாங்குவதைவிட, ஒரு மணி நேரக் கவனத்தை வாங்குவது மலிவு. கேட்கத் தெரிந்த மெக்கானிக்குக்கு அதற்கென்று தனியாகக் கூலி கொடுக்கப் பழக வேண்டும் என்கிறேன். அதைப் பில்லில் தனி வரியாகக் கேட்டு வாங்குவதில் நிலையத்தாருக்கும் வெட்கம் வேண்டியதில்லை.

உரிமையாளர்கள் செய்ய வேண்டியதும் சில உண்டு. டிக்கியைக் காலி செய்து, டயர் காற்றைச் சரிபார்த்த பிறகே புகார் சொல்லுங்கள். புகாரை உங்கள் சொற்களில், நிபந்தனைகளோடு எழுதச் சொல்லுங்கள். 'ஃப்ரண்ட் நாய்ஸ்' என்று சுருக்கினால் கையெழுத்துப் போடாதீர்கள். வேலை செய்யப்போகிறவரை உடன் அழைத்துச் சென்று, சத்தம் வரும் தெருவில் ஓட்டுங்கள். இந்தியன் ரோடு காங்கிரஸின் விதிப்படி, 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க வேண்டிய வேகத்தடைக்கு அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர். நம் தெருக்களில் இருப்பவற்றை எண்ணிப் பாருங்கள். சாலை இப்படி இருக்கும் நாட்டில், சோதனை மட்டும் வழவழப்பான சாலையில் நடப்பது என்ன நியாயம்?

உத்தரவாதக் காலத்துக்குள் எழுத்தில் பதிவு செய்வதற்கு இன்னொரு பயனும் உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சோதிக்காமல் குறையை நிர்ணயிக்க முடியாத பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. எப்போதாவது வரும் ஒரு டொக்கை எந்த ஆய்வகம் எந்த மேசையில் வைத்துக் கேட்கும் என்பது வேறு கேள்வி. அங்கே உங்களுக்குத் துணை நிற்கக்கூடியது உங்கள் பதிவு ஒன்றுதான். தேதி, இடம், வேகம், எந்தச் சக்கரம், எத்தனை முறை, வெயிலா மழையா என்ற ஆறு விவரங்களையும் எழுதி, அதன் ஒரு படியை ஜாப் கார்டோடு இணைத்துக் கொடுங்கள். அதைப் படித்துப் பார்த்துவிட்டு, எந்தத் தெருவில் ஓட்டினோம் என்பதையும் சேர்த்து எழுதிக் கையொப்பமிடட்டும். அதன் பிறகும் 'சத்தம் இல்லை' என்றால், குறைந்தபட்சம் எங்கே இல்லை என்றாவது நமக்குத் தெரிந்திருக்கும்.